காற்றுக்குக் காசில்லை, அப்புறம் எரிவாயு விலையோடு கரண்ட் பில் ஏன் ஏறுகிறது?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "நாங்கள் எடுத்திருப்பது நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டம். காற்றும் வெயிலும் ரஷ்யாவிலிருந்து வருவதில்லை. அப்படியிருக்க, 2021 கடைசியில் 20 பென்ஸ் சொச்சமாக இருந்த யூனிட் விலை 2022 அக்டோபரில் 34 பென்ஸ் ஆனது எப்படி? கம்பெனி எங்களை ஏமாற்றுகிறதா?"

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தைப் படிக்கும்போது வாங்குவதாக நாம் நினைப்பது ஒன்று, பில்லில் உண்மையில் வாங்குவது வேறொன்று. இதில் இன்னொரு விஷயம், அந்த 34 பென்ஸே அரசாங்கம் பணம் போட்டுத் தாங்கிப் பிடித்த விலை. கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் போட்ட உச்சவரம்புக் கணக்குப்படி அந்த அக்டோபரில் 52 பென்ஸ் வந்திருக்கும், 2023 ஜனவரியில் 67. பச்சைத் திட்டம், சாதாரணத் திட்டம் என்ற பேதமே இல்லாமல் எல்லாருக்கும் இதே கதைதான்.

முதலில் அந்த "நூறு சதவீதம்" என்ன என்று பார்த்துவிடலாம். கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர் பேர் கிடையாது. ஸ்காட்லாந்துக் கடலில் சுற்றும் காற்றாலையும் லிங்கன்ஷைரில் எரிவாயு எரிக்கும் நிலையமும் ஒரே ஏரியில்தான் தண்ணீர் விடுகின்றன. உங்கள் வீட்டுக் குழாயில் யார் விட்ட தண்ணீர் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காகிதத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். புதுப்பிக்கத்தக்க நிலையம் ஒன்று 1,000 யூனிட் உற்பத்தி செய்தால் ஆஃப்ஜெம் ஒரு சான்றிதழ் தரும். அதற்கு ரீகோ என்று பெயர். உங்கள் சப்ளையர் வருடம் முழுக்க உங்களுக்கு விற்ற யூனிட்டுகளுக்குச் சமமாக இந்தச் சான்றிதழ்களைச் சேர்த்துக் காட்டிவிட்டால் திட்டம் "பச்சை" ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், சான்றிதழை மின்சாரத்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்சாரத்தைச் சந்தையில் ஒருவரிடம் வாங்கலாம், ரீகோவை வேறொருவரிடம் தனியாக வாங்கலாம். கணக்கும் வருடக் கணக்கு. ஜூன் மாத வெயிலுக்குக் கிடைத்த சான்றிதழைக் காட்டி, டிசம்பர் ராத்திரியில் நீங்கள் போட்ட ஹீட்டருக்குப் பச்சைச் சாயம் பூசலாம். சட்டப்படி சரி. 2021-க்கு முன்னால் ஒரு ரீகோவின் விலை ஒரு பவுண்டுக்கும் கீழே கிடந்தது. ஒரு நடுத்தர வீடு வருடத்துக்கு 2,700 யூனிட் செலவழிக்கிறது என்று 2023-ல் ஆஃப்ஜெம் கணக்கு வைத்தது. ஆக உங்கள் வீட்டை ஒரு வருடத்துக்குப் "பச்சை" ஆக்க ஆன செலவு மூன்று பவுண்டுக்கும் குறைவு. 2023-ல் ரீகோ விலை 10 பவுண்டைத் தாண்டியபோதுகூட அது பில்லில் ஒரு சின்ன வரிதான். மீதி முழுக்க, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் அதே மின்சாரம், அதே சந்தை, அதே விலை.

இது பாதிப் பதில்தான். சான்றிதழ் விளையாட்டே இல்லாமல், நேராகக் காற்றாலைகளிடமே மின்சாரம் வாங்கும் சப்ளையர்களும் உண்டு. குட் எனர்ஜி, ஈகோட்ரிசிட்டி, கிரீன் எனர்ஜி யுகே என்ற மூன்றுக்கும் ஆஃப்ஜெம் விலை உச்சவரம்பிலிருந்து விலக்கே கொடுத்தது. புதுப்பிக்கத்தக்க உற்பத்திக்கு இவை மற்றவர்களைவிட அதிகமாகக் கைகொடுக்கின்றன, அதற்கு ஆகும் செலவும் அதிகம் என்பதுதான் காரணம். குட் எனர்ஜி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்குகிறது. சரி, அவர்களுடைய கட்டணமாவது அசையாமல் நின்றதா? இல்லை, அதுவும் ஏறியது. ஆகவே விஷயம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

மொத்தச் சந்தையில் விலை எப்படி உருவாகிறது? ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சந்தைக்குப் பக்கத்திலேயே தோட்டம், கிணற்றில் தண்ணீர், செலவு ரொம்பக் குறைவு. இன்னொருவர் ஆந்திராவிலிருந்து லாரி வைத்துக் கொண்டுவருகிறார். ஊர்த் தக்காளி மட்டும் போதாது, லாரித் தக்காளியும் வந்தால்தான் எல்லார் கூடையும் நிறையும் என்றால், அன்றைய விலை லாரிக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலைதான். டீசல் ஏறினால் ஊர்க்காரர் தக்காளியும் ஏறும். "எனக்கு டீசல் செலவு இல்லையே" என்று அவர் பாதி விலைக்குக் கொடுப்பாரா? கொடுத்தாலும், வாங்கிய கமிஷன் கடைக்காரர் அதை முழு விலைக்கு விற்றுவிடுவார்.

பிரிட்டன் மின்சந்தையில் அந்த லாரிக்காரர் எரிவாயு நிலையம். காற்றாலை, சூரிய ஒளி, அணு உலை எல்லாம் முதலில் உள்ளே வந்துவிடும், ஏனென்றால் ஓட வைக்க அவற்றுக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. மிச்சத் தேவையை நிரப்ப எரிவாயு நிலையத்தைத்தான் கூப்பிட வேண்டும். 2021-ல் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான நேரம் பிரிட்டனின் மின்விலையை எரிவாயுதான் தீர்மானித்தது. மொத்த உற்பத்தியில் அதன் பங்கு சுமார் 40 சதவீதம் மட்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் கேள்விக்கே காரணம்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும். எரிவாயுவை இங்கே தெர்ம் கணக்கில் விற்கிறார்கள். ஒரு தெர்ம் என்பது 29.3 யூனிட் வெப்பம். நல்ல நிலையம்கூட அதில் சுமார் பாதியைத்தான் மின்சாரமாக்கும். ஆக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் எரிவாயு வேண்டும். தெர்ம் 50 பென்ஸ் விற்ற சாதாரண நாட்களில் எரிவாயு யூனிட்டுக்கு 1.7 பென்ஸ், அதை இரட்டித்தால் 3.4. அதோடு கரியமில வாயுவுக்குக் கட்டும் தொகையையும் சேர்த்தால் மின்சாரத்தின் அடக்கம் சுமார் 5 பென்ஸ். இப்போது தெர்ம் 400 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 கோடையில் அப்படிப்பட்ட விலைகளைப் பார்த்தோம். எரிவாயு மட்டும் 27 பென்ஸ், கரியமிலக் கட்டணத்தோடு 31 பென்ஸுக்குப் பக்கத்தில் வரும். காற்றாலையின் இறக்கை அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் அது அனுப்பும் யூனிட்டின் சந்தை மதிப்பு 5 பென்ஸிலிருந்து 31-க்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் பலர் சொல்வது: "இது அரசாங்கம் போட்ட முட்டாள்தனமான விதி. எல்லாருக்கும் கடைசி ஆளின் விலையைக் கொடு என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான். அதை மாற்றினால் தீர்ந்தது." பத்திரிகைகளிலும் இப்படி நிறைய வருகிறது. நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. காரணம், பிரிட்டன் அந்த விதியை 2001-லேயே எடுத்துவிட்டது.

1990-ல் மின்துறையைத் தனியாருக்கு விட்டபோது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் "பூல்" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. எல்லா நிலையங்களும் விலை சொல்லும், ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் கடைசியாகத் தேவைப்பட்ட நிலையத்தின் விலை எல்லாருக்கும் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் இதில் விளையாடி விலையை ஏற்றுகின்றன என்று புகார் வரவே, 2001 மார்ச் 27-ஆம் தேதி அதைக் கலைத்துவிட்டு நீட்டா என்ற புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்படி விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகப் பேசி, தங்களுக்குள் ஒத்துவரும் விலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மறுநாளுக்கான ஏலங்களில் ஒரே விலை முறை உண்டுதான், ஆனால் அங்கே போய்த்தான் விற்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. அதே நிலைதான் இன்றைக்கும்.

கட்டாயம் போனபின் காற்றாலைக்காரர் 5 பென்ஸுக்கு விற்கத் தொடங்கினாரா? ஏன் விற்கப் போகிறார்? நாளைக்குச் சாயங்காலம் 31 பென்ஸ் போகும் என்று ஊருக்கே தெரியும்போது, யாரிடம் பேசினாலும் அவர் அந்த 31-ஐ ஒட்டித்தான் கேட்பார். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒரே எரிவாயு விலையைத்தான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அணைக்கட்டில் தண்ணீரை மேலே ஏற்றிச் சேமிக்கும் நிலையங்களும் பேட்டரிக்காரர்களும்கூட, "இப்போது விற்காமல் வைத்திருந்தால் எப்போது எரிவாயு நிலையத்தின் விலை கிடைக்கும்?" என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறார்கள்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. 2002-ல் பிரிட்டிஷ் எனர்ஜி என்ற அணுமின் கம்பெனி அரசாங்கத்திடம் கையேந்தி நின்றது. யுரேனியம் விலை ஏறியதால் அல்ல. நாட்டில் நிலையங்கள் அதிகமாகி, மொத்த விலை யூனிட்டுக்கு 2 பென்ஸுக்கும் கீழே சரிந்தது. அந்த விலை அதன் செலவுக்குப் பற்றவில்லை. உற்பத்தியாளரின் செலவு என்ன என்று சந்தை அன்றைக்கும் கேட்கவில்லை, 2022-லும் கேட்கவில்லை.

அப்படியானால் சப்ளையர் ஒருவர் காற்றாலையோடு பதினைந்து வருடத்துக்கு "யூனிட் 6 பென்ஸ்" என்று ஒப்பந்தம் போட்டு, அதே விலையில் உங்களுக்குத் தரலாமே? தரலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வீட்டு வாடிக்கையாளரை நம்பி அப்படிப் போடுவது கத்தி மேல் நடப்பது. நீங்கள் ஒரு மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். எரிவாயு விலை விழுந்து சந்தை 4 பென்ஸுக்கு வந்த அன்று எல்லாரும் போய்விடுவார்கள், சப்ளையர் கையில் 6 பென்ஸ் ஒப்பந்தம் மட்டும் பாக்கி நிற்கும். அதனால் சிறு காற்றாலைகளோடு போடும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்கானவை. பலவற்றில் விலையே "அன்றைய சந்தை விலையில் இவ்வளவு கழித்து" என்றுதான் எழுதியிருக்கும். நேராகக் காற்றாலையிடம் வாங்கும் கம்பெனியின் கட்டணமும் ஏறியதன் காரணம் இதுதான்.

இன்னொன்று, காற்று நின்ற சாயங்காலம். ஜனவரியில் உயர் அழுத்தம் வந்து நாலைந்து நாள் இலைகூட அசையாது. அப்போதும் உங்கள் கெட்டில் கொதிக்க வேண்டும். சப்ளையர் ஒவ்வொரு அரை மணிக்கும் தன் வாடிக்கையாளர்கள் எடுத்ததற்கு ஈடாக மின்சாரம் வாங்கியிருக்க வேண்டும், குறைந்தால் அந்த நேர விலையில் தண்டம். அந்த அரை மணிகளில் விற்பதற்குக் கையில் சரக்கு வைத்திருப்பவர் எரிவாயு நிலையத்துக்காரர்தான்.

இதற்கெல்லாம் ஒரு கசப்பான சாட்சி பல்ப் என்ற கம்பெனி. வீடுகளுக்கு நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று சொல்லி வளர்ந்தது, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதனிடம் இருந்தன. 2021 நவம்பரில் விழுந்தது. சந்தையில் வாங்கும் விலை ஏறிவிட்டது, ஆஃப்ஜெமின் உச்சவரம்புக்கு மேல் வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது, நடுவில் நசுங்கியது. அரசாங்கமே எடுத்து நடத்தி, கடைசியில் 2022 டிசம்பரில் ஆக்டோபஸ் கம்பெனிக்குக் கைமாற்றியது. காற்றின் அடக்க விலையில்தான் அது மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தது என்றால், எரிவாயு நெருக்கடியில் அது கொழித்திருக்க வேண்டும். பச்சை முத்திரைக்குப் பின்னால் என்ன வாங்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த வருடம் மூழ்கிய இருபத்துச் சொச்சம் கம்பெனிகளின் செலவையும், தினசரி நிலைக்கட்டணத்தில் சேர்த்து, நாம் எல்லாரும்தான் கட்டினோம்.

சரி, 5 பென்ஸுக்கும் 31 பென்ஸுக்கும் நடுவில் இருந்த பணம் எங்கே போனது? இது காற்றாலை எந்த வருடம் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைத் தூண்தான், ஆனால் கையில் இருக்கும் காகிதம் வேறு.

2002-ல் தொடங்கி 2017 மார்ச்சில் புதியவர்களுக்கு மூடப்பட்ட பழைய மானியத் திட்டத்தில் வந்தவை ஒரு வகை. இவை சந்தை விலைக்கு விற்கும், அதற்கு மேல் இன்னொரு சான்றிதழுக்கும் பணம் வரும் (ரீகோ வேறு, இது வேறு; குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை). 2021-22-ல் அந்தச் சான்றிதழின் அடிப்படை விலை 50.80 பவுண்டு, அதாவது யூனிட்டுக்கு 5 பென்ஸ். நிலத்துக் காற்றாலைக்கு 1,000 யூனிட்டுக்குச் சுமார் ஒரு சான்றிதழ், கடல் காற்றாலைக்கு இரண்டு வரை. சந்தை 5 பென்ஸில் இருந்தபோது இது நியாயமான கைதூக்கல். சந்தை 31-க்குப் போனபோதும் இந்த 5 அப்படியே மேலே வந்து உட்கார்ந்தது. நாட்டின் மின்சாரத்தில் சுமார் கால் பங்கு இந்த வகை. அன்று பெரிய லாபம் பார்த்தவர்களில் இவர்கள் உண்டு. முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றுவைத்தவர்கள் மட்டும் பார்க்கவில்லை. அரசாங்கம் முழித்துக்கொண்டு, 2023 ஜனவரி முதல் யூனிட்டுக்கு 7.5 பென்ஸுக்கு மேல் வந்த வருமானத்தில் 45 சதவீதம் தனி வரி போட்டது.

இரண்டாவது வகை, 2013-ஆம் வருடச் சட்டத்தில் வந்த "விலை வித்தியாச ஒப்பந்தம்", இங்கே சிஎஃப்டி என்பார்கள். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஏலத்தில் ஒரு விலை முடிவாகும். சந்தை அதற்குக் கீழே போனால் மின்நுகர்வோர் பணத்திலிருந்து காற்றாலைக்கு மீதியைத் தருவார்கள். சந்தை மேலே போனால் காற்றாலை மீதியைத் திருப்பித் தர வேண்டும். 2015-ல் வந்த முதல் சுற்று முடிவில் கடல் காற்றாலை 11, 12 பென்ஸ் கேட்டது. 2017-ல் 5.75. 2022-ல் 3.7 (எல்லாம் 2012-ஆம் வருடப் பண மதிப்பில்). 2020-ல் கோவிட் வந்து சந்தை விழுந்தபோது நாம் காற்றாலைகளுக்குக் கொடுத்தோம். 2021-22 குளிர்காலத்தில் அவை திருப்பிக் கொடுத்தன. இந்த மின்சாரத்தைப் பொறுத்தவரை எரிவாயு விலை உண்மையிலேயே உங்கள் பில்லிலிருந்து வெட்டப்பட்டுவிட்டது. சிக்கல் என்னவென்றால், 2022-ல் இந்த வகை ரொம்பக் கொஞ்சம். போதாக்குறைக்கு, ஒப்பந்தம் கையில் வைத்திருந்த சில புதிய காற்றாலைகள் அது தொடங்கும் தேதியைச் சட்டப்படியே தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியில் சந்தை விலைக்கு விற்றுக்கொண்டன.

திருப்பிக் கொடுத்த பணம் பச்சைத் திட்டம் எடுத்தவர்களுக்கு மட்டும் தனியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எல்லா சப்ளையர்களுக்கும் பிரிகிறது. அதாவது காற்றாலையின் மலிவு எந்தத் திட்டத்தில் இருந்தாலும் வரும், அதற்குப் பச்சை முத்திரை தேவையில்லை. பச்சைத் திட்டம் எடுப்பது தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. விலைக் காப்பீடு என்று நினைத்து அதை எடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"காற்றாலைக்குத் தனிச் சந்தை, எரிவாயுவுக்குத் தனிச் சந்தை என்று பிரித்தால் என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். அரசாங்கம் 2022 ஜூலையில் தொடங்கிய மின்சந்தை மறுஆய்வில் இதையும் எடுத்துப் பார்த்து, பிறகு கைவிட்டது. இரண்டு சந்தைகள் இருந்தால் எல்லாரும் மலிவான பக்கம் வரிசையில் நிற்பார்கள், யாருக்கு எவ்வளவு என்று யாரோ பங்கிட வேண்டியிருக்கும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் வேறு வழி பார்த்தன: 2022 ஜூனில் மின்நிலையங்களுக்கான எரிவாயு விலைக்கு உச்சவரம்பு போட்டு, மீதியை நுகர்வோரிடம் தனியாக வசூலித்தார்கள். மின்விலை இறங்கியது உண்மை. கூடவே அவர்கள் அதிகம் எரிவாயு எரித்தார்கள், மலிவான மின்சாரம் எல்லை தாண்டி பிரான்சுக்கும் போனது. அந்த இரண்டு நாடுகளிலிருந்து வெளியே போகும் கம்பி கொஞ்சம் என்பதால் தாங்கியது. பல நாடுகளோடு கடலடிக் கம்பியால் பிணைந்திருக்கும் பிரிட்டனில் அந்த மருந்து அதே மாதிரி வேலை செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி என்ன ஆகும்? கடைசி நிலக்கரி நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடியாகிவிட்டது, அந்த வருடம் உற்பத்தியில் பாதிக்குச் சற்று மேல் புதுப்பிக்கத்தக்கது. ஆனாலும் பங்கு பாதியைத் தாண்டியதும் மின்விலையும் எரிவாயுவிடமிருந்து பாதி விலகிவிடாது. காற்று நன்றாக அடிக்கும் ராத்திரிகளில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு வரை திரும்பவும் லாரிக்காரர் வந்து நிற்கிறார். நான் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு விஷயங்களை: மின்விலையை எரிவாயு நிர்ணயிக்கும் மணிநேரங்கள் எவ்வளவு குறைகின்றன, பழைய மானியக்காரர்கள் எவ்வளவு வேகமாக நிலையான விலைக்கு வருகிறார்கள். 2002-ன் முதல் காற்றாலைகளுக்கு அந்த மானியம் 2027-ல் முடியத் தொடங்குகிறது, எல்லாருக்கும் முடிய 2037 ஆகும்.

உங்கள் வீட்டளவில் என்றால், கூரையில் சோலார் போடுங்கள், அந்த யூனிட்டுகளுக்கு எந்தச் சந்தையும் விலை சொல்ல முடியாது. இரவில் துணி துவைக்க, கார் சார்ஜ் போட முடியுமென்றால், மறுநாளைய அரை மணிச் சந்தை விலைகளை ஒட்டிக் கட்டணம் போடும், ஆக்டோபஸின் அஜைல் மாதிரித் திட்டம் உண்டு. காற்றின் மலிவு உங்கள் கைக்கு நேராக வருவது அதில்தான், எரிவாயுவின் உதையும் நேராகத்தான் விழும். வேல்ஸில் கிரைக் ஃபாத்தா என்ற இடத்தில் சுமார் 900 பேர் சேர்ந்து கூட்டுறவாக ஒரே ஒரு காற்றாலையை வாங்கினார்கள், 2022-ல் சுற்றத் தொடங்கியது. அவர்களும் சப்ளையருக்குச் சந்தை விலைதான் கட்டினார்கள். ஆனால் காற்றாலை சந்தையில் விற்று மிஞ்சியது அவர்கள் பில்லில் கழிந்தது. எரிவாயு ஏறினால் பில்லும் ஏறும், கழிவும் ஏறும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த நிறுவனம் 2025-ல் நொடித்துப்போனது. காற்றாலை கூட்டுறவின் கையில்தான் இருக்கிறது.